திரும்பும் வழியில் ஒரு வீடு

தமிழில் பயண இலக்கியம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருகிறவர்கள் எல்லோருமே திரும்பி வந்தவர்கள். ஏ.கே. செட்டியார் உலகத்தைச் சுற்றினார், வந்து எழுதினார். தி. ஜானகிராமன் ஜப்பானுக்குப் போனார், 'உதயசூரியன்' எழுதினார். அசோகமித்திரன் அமெரிக்காவில் அயோவா சிட்டியில் சில மாதங்கள் தங்கினார், நமக்கு 'ஒற்றன்' கிடைத்தது. மூன்று பேரும் மூன்று விதமான எழுத்தாளர்கள். ஆனால் மூவருக்கும் ஒன்று பொது: பயணம் முடிந்ததும் போய் இறங்க ஒரு வீடு இருந்தது. அந்த வீடு எங்கே இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இப்போது இன்னொரு வகைப் பயணியை யோசித்துப் பாருங்கள். குடும்பத்தோடு வேறொரு நாட்டுக்குக் குடிபோனவர். போய் ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். திங்கட்கிழமையும் சேர்ந்து விடுமுறை வருகிற ஒரு வாரக் கடைசியில், மனைவியையும் பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிற ஒரு கடற்கரைக்கோ அருவிக்கோ போகிறார். ஒரு ராத்திரி தங்கல். மறுநாள் இரவு திரும்பி வந்து, வாடகை வீட்டின் கதவைத் திறந்து, விளக்கைப் போடுகிறார். இவரும் பயணம் போனவர்தான். ஆனால் இவர் எங்கே திரும்பி வந்தார்?

இந்தப் பயணத்தைப் பற்றித் தமிழில் யாரும் எழுதவில்லை என்று சொல்ல மாட்டேன். இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. 'நயாகரா போனோம்' வகைக் கட்டுரைகள். நான் இவற்றை ஆசையாகத் தேடிப் படிக்கிறவள். காலை 6 மணிக்குக் கிளம்பலாம் என்று முடிவுசெய்து 8.40-க்குக் கிளம்பினோம் என்று தொடங்கும். எத்தனை மைல், எங்கே காபி, அறை வாடகை எவ்வளவு, பார்க்கிங்குக்கு எவ்வளவு, சைவச் சாப்பாடு கிடைத்ததா இல்லையா. அப்புறம் அருவி வரும். அருவியைப் பற்றி இரண்டே வாக்கியம், இரண்டிலும் 'வார்த்தைகளால் விவரிக்க முடியாது'. கடைசியில் 'இனிய நினைவுகளோடு வீடு திரும்பினோம்'. ஆபீசில் பயணப்படி வாங்க எழுதிக் கொடுக்கிற கணக்கு மாதிரியே இருக்கும்.

இதைக் கேலி செய்வது சுலபம். எனக்கோ அந்தக் கணக்குகள்தான் பிடிக்கும். பார்க்கிங் கட்டணத்தை மறக்காமல் எழுதுகிறவர், அதை மனசுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்துத் திடுக்கிட்டவர். சைவச் சாப்பாடு கிடைத்ததை மூன்று வரிக்கு எழுதுகிறவர், கிடைக்காமல் போய்விடுமோ என்று இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தவர். கணக்கில் பயம் தெரிகிறது. அருவி பற்றிய வரிகளில் எதுவுமே தெரிவதில்லை. ஆனால் இந்தக் கட்டுரைகள் எல்லாமே தாவிக் குதித்துக் கடந்துபோகிற ஒரு சொல் இருக்கிறது. 'வீடு திரும்பினோம்' என்பதில் வரும் அந்த 'வீடு'. ஐந்து மாதத்துக்கு முன்னால் அது வெறும் முகவரி. சாவி வாங்கிய இடம். அது எப்போது வீடானது?

என் வாதம் இதுதான். குடிபெயர்ந்த குடும்பம் ஒன்றின் முதல் சிற்றுலாவில் முக்கியமான நிகழ்ச்சி போன இடத்தில் நடப்பதில்லை. திரும்பி வருகிற வழியில் நடக்கிறது. ஒரு இடத்தை விட்டுப் போனால்தான் அதற்குத் திரும்ப முடியும். பல குடும்பங்களுக்கு அந்த வாடகை வீட்டை ஒரு ராத்திரி பூட்டிவிட்டுப் போவது அதுவே முதல் தடவை. இதைப் புரிந்துகொண்ட படைப்புகள் குறைவு. அப்படி இரண்டைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன்: குரிந்தர் சாதாவின் 'பாஜி ஆன் த பீச்' (1993) என்ற படம், ஜும்பா லாஹிரியின் 'த நேம்சேக்' (2003) நாவலில் வரும் ஒரு சிறிய நினைவு. அதற்கு முன்னால் சில புகைப்படங்கள்.

*

புது நாட்டில் முதல் சில மாதங்கள் ஒரு குடும்பம் எங்கெல்லாம் போகிறது? வங்கி. பள்ளிக்கூடம். வீட்டுத் தரகர் அலுவலகம். டாக்டரிடம் பெயர் பதிகிற இடம். எல்லா இடத்திலும் ஒரு காகிதம் கேட்பார்கள். பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்று. காகிதம் கேட்காத ஒரே இடம் மளிகைக் கடை. ஆறு மாதத்தில் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது: வெளியே போனால் பைக்குள் காகிதம் இருக்க வேண்டும், போனதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

சுற்றுலா இதற்கு நேர்மாறு. காரணமே இல்லாமல் ஒரு இடத்துக்குப் போய்ச் சும்மா நிற்பது. யாரும் கூப்பிடவில்லை, யாருக்கும் நாம் அங்கே தேவையும் இல்லை. உள்ளூர்க்காரருக்கு இது ஓய்வு. புதிதாக வந்தவருக்கு இது ஒரு பரீட்சை. ஒரு நாட்டில் வேலை செய்ய அனுமதி வாங்குவது ஒன்று. அந்த நாட்டில் சும்மா இருக்க நமக்கு அனுமதி இருப்பதாக நம்புவது வேறொன்று. இரண்டாவதற்கு எந்த அலுவலகத்திலும் முத்திரை குத்தித் தர மாட்டார்கள்.

இங்க்ரிட் போலார்ட் என்ற புகைப்படக் கலைஞர் இதைத்தான் படமாக எடுத்தார். தென் அமெரிக்காவில் உள்ள கயானாவில் பிறந்து, சிறு வயதிலேயே இங்கிலாந்துக்கு வந்தவர். 1980களின் பிற்பாதியில் அவர் உருவாக்கிய 'பாஸ்டோரல் இன்டர்லூட்' என்ற வரிசை, இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் கறுப்பினத்தவர் நிற்பதையும் உட்கார்ந்திருப்பதையும் காட்டுகிறது. வேர்ட்ஸ்வொர்த் நடந்த மலைகள். பழைய தபால் அட்டை போலக் கையால் வண்ணம் தீட்டிய படங்கள். ஒன்றில் ஒரு பெண் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கற்சுவரில் அமர்ந்திருக்கிறார். பின்னால் கம்பிவேலி, அதற்கப்பால் பச்சை. படங்களுக்குக் கீழே உள்ள வாசகங்கள் அழகைப் பேசுவதில்லை. பசுமையான இடத்துக்குப் போகும்போது வயிற்றுக்குள் வருகிற கலவரத்தைப் பேசுகின்றன.

முதன்முதலில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, அந்தப் பெண் உட்கார்ந்திருக்கும் விதம் நமக்குத் தெரிந்தது என்பதுதான். கல்யாண வீட்டில், அழைப்பு சரியாக வராத உறவுக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்வார்களே, அப்படி. எந்த நேரமும் எழுந்துகொள்ளத் தயாரான உட்காரல். பயணக் கட்டுரைகளோடு வெளியாகும் குடும்பப் புகைப்படங்களை இனிமேல் பார்க்கும்போது கவனியுங்கள். பின்னணியில் இருக்கிற அருவியை விடுங்கள். எத்தனை பேர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்?

*

'பாஜி ஆன் த பீச்' கதை எளிது. பர்மிங்காமில் உள்ள ஆசியப் பெண்கள் மையத்திலிருந்து ஒரு மினிபஸ் கிளம்புகிறது. ஒரு நாள் உல்லாசப் பயணம், பிளாக்பூல் கடற்கரைக்கு. பாட்டிமார், நடுவயதுப் பெண்கள், பள்ளிக்கூடச் சிறுமிகள், மகனைத் தூக்கிக்கொண்டு கணவனிடமிருந்து ஓடிவந்த ஜிந்தர், மருத்துவம் படிக்கப் போகிற ஹஷிதா, பம்பாயிலிருந்து வந்திருக்கும் ரேகா என்று பல வயதினர். மீரா சயால் எழுதிய திரைக்கதை. பிரிட்டனில் ஓர் ஆசியப் பெண் இயக்கிய முதல் முழுநீளப் படம் இது என்று சினிமா வரலாற்றில் இதற்கு இடம் உண்டு.

ஏன் பிளாக்பூல்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் படம் இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். பிளாக்பூல் உழைப்பாளிகளுக்காகவே வளர்ந்த ஊர். 1846-இல் ரயில் வந்தது. லங்காஷயரின் பஞ்சாலை நகரங்களில் ஆண்டுக்கு ஒரு வாரம் ஆலைகளை ஒட்டுமொத்தமாக மூடுவார்கள். அந்த வாரம் ஊரே கிளம்பி பிளாக்பூலுக்குப் போகும். அவர்களை மகிழ்விக்கத்தான் 1894-இல் 158 மீட்டர் உயரக் கோபுரம் கட்டினார்கள். 1879-இல் எட்டு மின்விளக்குகளோடு தொடங்கிய தெரு வெளிச்சம், பிற்பாடு மைல் கணக்கில் நீளும் விளக்குத் திருவிழாவாக வளர்ந்தது. 1950களிலும் 60களிலும் அந்த ஆலைகளில் ஆள் பற்றாக்குறை வந்தபோது பஞ்சாபிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் விரும்பாத இரவு ஷிப்டு பெரும்பாலும் அவர்களுக்குத்தான். ஆக, அந்தக் கடற்கரையை உண்டாக்கிய ஆலைகளில் வேலை செய்தவர்களின் சமூகம்தான் படத்தில் அங்கே போகிறது. பிளாக்பூலில் அந்தப் பெண்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஊருக்கு அது தெரியவில்லை. படம் இதைப் பிரசங்கமாகச் சொல்வதில்லை. ஒரு பஸ்ஸை ஓட்டிக் கொண்டுபோய் அங்கே நிறுத்துகிறது.

மூத்த பெண்மணிகள் கடற்கரையில் உட்கார்ந்து, வாங்கிய சிப்ஸ் மீது மிளகாய்ப்பொடி தூவிக்கொள்கிற காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சிரிப்புக்கான காட்சி. ஆனால் கவனித்துப் பாருங்கள், அந்தப் பொடி பர்மிங்காமிலிருந்து வந்திருக்கிறது. யாரோ ஒருத்தி காலையில் எடுத்துப் பையில் போட்டிருக்கிறாள். கிளம்பும்போதே அவளுக்குத் தெரியும், அங்கே கிடைப்பது உறைக்காது என்று. நம் ஊர் ரயில் பயணத்தில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வாழை இலையில் கட்டி எடுத்துப் போன பரம்பரைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படத்தின் மையம் என்று நான் நினைப்பது ஆஷா. கடையும் வீடுமாகவே வாழ்க்கை போய்விட்ட நடுவயதுக்காரி. அடிக்கடி தலைவலி, இந்திப் படம் போல விழித்துக்கொண்டே கனவு. பிளாக்பூலில் அம்ப்ரோஸ் என்ற வயதான ஆங்கிலேய நடிகர் அவளோடு மரியாதையாகப் பேசி, ஊரைச் சுற்றிக் காட்டுகிறார். அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் இத்தனை வருஷத்தில், கல்லாப்பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்று அவளோடு ஒருவர் பேசுவது இதுதான் முதல் தடவையோ என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. கடைக்கு வருகிற எல்லோரும் அவளிடம் எதையாவது கேட்டவர்கள். இவர் எதையும் வாங்க வரவில்லை.

ரேகாவின் இடமும் முக்கியம். பம்பாய்க்காரி, நாகரிக உடை. இங்கே இருக்கும் பெண்களைப் பார்த்து, நீங்கள் விட்டுவந்த இந்தியா அங்கேயே இல்லை, இன்னும் பழசிலேயே இருக்கிறீர்கள் என்கிற தொனியில் பேசுகிறாள். அந்தப் பஸ்ஸில் சரியான பொருளில் சுற்றுலாப் பயணி அவள் ஒருத்திதான். அவளுக்குத் திரும்பிப் போக பம்பாய் இருக்கிறது. மற்றவர்களுக்கு?

இங்கேதான் படம் என் வாதத்துக்கு வந்து சேர்கிறது. ஒரே பஸ், ஒரே சாலை, ஒரே பர்மிங்காம். ஆனால் ஒவ்வொருத்திக்கும் திரும்புதல் வேறு வேறு. ஜிந்தருக்கு 'வீடு' என்பது அடிவாங்கிய இடம். அவள் உடம்பில் இருக்கும் காயங்களைப் பார்த்த பிறகு, அதுவரை கணவனோடு சேர்ந்து வாழச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு வாயடைத்துப் போகிறது. ஹஷிதா கர்ப்பம் என்ற ரகசியம் பஸ்ஸுக்குள் உடைந்தாகிவிட்டது. காலையில் புறப்பட்ட வீட்டுக்கு அவள் இனி அதே மகளாகத் திரும்ப முடியாது. ஆஷாவுக்குக் கடை காத்திருக்கிறது. கடைசியில் மினிபஸ் பிளாக்பூலின் வண்ண விளக்குகளுக்குக் கீழே ஊர்ந்து போகிறது. அந்த வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழுகிறது. யாரும் 'இனிய நினைவுகளோடு' திரும்பவில்லை. ஆனால் எல்லோரும் எங்கே திரும்புகிறோம் என்று தெரிந்துகொண்டு திரும்புகிறார்கள்.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. ஒரே நாளுக்குள் இத்தனை பேரின் இத்தனை பிரச்சினைகளைத் திணித்திருப்பதால் சில இடங்களில் மூச்சு முட்டுகிறது. ஜிந்தரைத் தேடிவரும் கணவன் வீட்டு ஆண்கள் சீரியல் வில்லன் அளவுக்குத் தட்டையாகிவிடுகிறார்கள். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, முப்பது வருஷம் கழித்தும் அந்த மினிபஸ்ஸுக்குள் ஒரு இருக்கை காலியாக இருந்தால் நான் ஏறிக்கொள்வேன்.

*

லாஹிரியிடம் வரும்போது எல்லாம் சின்னதாகிவிடுகிறது, குரல் தாழ்ந்துவிடுகிறது. 'த நேம்சேக்' நாவலில் அசோக் கங்குலி கல்கத்தாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர், பேராசிரியர். மனைவி அஷிமா. மகன் கோகோல். பல வருஷம் கழித்து, க்ளீவ்லாந்தில் தனியாகத் தங்கி வேலை பார்க்கையில் மாரடைப்பில் அசோக் இறந்துபோகிறார். மகன்தான் போய் அந்தக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு வருகிறான். அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு நினைவு வருகிறது. அவன் சிறுவனாக இருந்தபோது குடும்பமே குளிர்காலத்தில் கேப் காட் முனைக்குக் காரில் போனது. சாலை முடிகிற இடம்வரை. அதன் பிறகு கடலுக்குள் நீளும் கல்வரிசை மீது அப்பாவும் மகனும் கலங்கரை விளக்கம்வரை நடந்தது. போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது, கேமராவை அம்மாவிடமே விட்டுவிட்டார்கள். அப்படியானால் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அப்பா முடிவுசெய்கிறார்.

குடும்பத்தின் முதல் பயணம் இது என்று நாவல் சொல்வதில்லை. எத்தனையாவது என்று அவர்கள் எண்ணவும் இல்லை. ஆனால் அப்பா இறந்த பிறகு மகனுக்கு மிஞ்சுகிற பயணம் இதுதான். படிக்கிற எல்லோருக்கும் பிடிக்கிற பகுதி. 2006-இல் மீரா நாயர் இதைப் படமாக்கியபோது இர்ஃபான் கான் அந்தக் கற்கள் மீது நடந்தார். நாவலைப் படிக்காதவர்களுக்கும் அந்தக் காட்சி தெரிந்திருக்கும்.

எனக்கும் பிடிக்கும். ஆனாலும் ஒரு கேள்வி விடுவதாயில்லை. அந்த நேரத்தில் அஷிமா எங்கே இருந்தாள்?

பின்னால் நின்றுவிட்டாள். கைக்குழந்தை சோனியாவோடு. தூரம் போக வேண்டாம் என்று எச்சரித்துவிட்டு அவள் நின்றுகொள்கிறாள், கதை முன்னால் நடந்து போய்விடுகிறது. கலங்கரை விளக்கத்தை அடைந்தவர்கள் இரண்டு பேர், அவர்களுக்கு ஒரு வாழ்நாள் நினைவு கிடைத்தது. குளிர்காற்றில் குழந்தையைப் போர்த்திக்கொண்டு நின்றவளுக்கு அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போனது? அவள் எதைப் பார்த்தாள்? நினைவு மகனுடையது என்பதால் நமக்குத் தெரிய வழியில்லை. ஆனால் மகனுடைய நினைவை எழுதியவர் லாஹிரி. அவருக்கு வழி இருந்தது.

இதை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் அப்படி நின்றவர்களில் நானும் ஒருத்தி. நாங்கள் மான்செஸ்டருக்குக் குடிவந்தது ஒரு ஜனவரியில். மே மாத விடுமுறைக்கு வடக்கு வேல்ஸில் இருக்கும் லாண்டுட்னோவுக்குப் போனோம். சுமார் 130 கிலோமீட்டர்தான். சாலைப் பலகைகளில் இரண்டு மொழி வந்ததும் என் கணவர் குஷியாகிவிட்டார். ஊருக்கு மேலே கிரேட் ஓர்ம் என்ற குன்று. அங்கே காஷ்மீர் ஆடுகள் மேய்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வின்ட்சர் அரச மந்தையிலிருந்து வந்த ஆடுகளின் வாரிசுகள். கணவரும் நாலு வயது மகளும் ஆடு பார்க்கக் குன்றில் ஏறினார்கள். எட்டு மாதப் பையன் தூங்கிவிட்டதால் நான் காரில் உட்கார்ந்தேன். மழை பெய்தது. மடியில் எலுமிச்சைச் சாத டப்பா. முக்கால் மணி நேரம் நான் ஐரிஷ் கடலைப் பார்த்துக்கொண்டு யோசித்தது என்ன தெரியுமா? வீட்டில் பால் திறந்தபடி இருக்கிறதே, செவ்வாய்க்கிழமை காலை மகளின் பள்ளிச் சட்டை காய்ந்திருக்குமா, ஹீட்டரை அணைத்தோமா. கடலைப் பார்த்த கண், வீட்டை ஒவ்வொரு அறையாகச் சுற்றிவந்தது. அந்த வீட்டில் எங்கே எது இருக்கிறது என்று எனக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் திரும்புகிற வழியில் மகள் பின்சீட்டிலிருந்து, "அம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். அதுவரை அவள் அகராதியில் வீடு என்றால் பாளையங்கோட்டையில் ஆச்சி வீடுதான். என் கணவர் வேண்டுமென்றே கேட்டார், "எந்த வீட்டுக்குப் பாப்பா?" "நம்ம வீட்டுக்குப்பா. பச்சைக் கதவு வீட்டுக்கு." நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. சந்தோஷமா துக்கமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கு ஆச்சியிடம் போனில் இதைச் சொல்லாதே என்று மட்டும் பிற்பாடு அவர் மெதுவாகச் சொன்னார்.

அதனால்தான் சொல்கிறேன், பின்னால் நின்றவளிடம்தான் திரும்புதலின் கதை இருக்கிறது. கலங்கரை விளக்கத்துக்குப் போனவர்கள் போன இடத்தைச் சொல்வார்கள். நின்றவளின் மனசு பாதி ஏற்கெனவே திரும்பிவிட்டது.

லாஹிரிக்கு இது தெரியாமல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அஷிமா என்ற பெயருக்கு எல்லையற்றவள் என்று பொருள் என நாவலே சொல்கிறது. கரையில் எல்லை போட்டு நின்றவளுக்கு இப்படி ஒரு பெயர். கடைசி அத்தியாயத்தில் பெம்பர்ட்டன் சாலை வீட்டை விற்றுவிட்டு, ஆறு மாதம் இந்தியாவிலும் ஆறு மாதம் அமெரிக்காவிலும் இருக்க அவள் தீர்மானிக்கிறாள். எந்த ஊரை அந்நியம் என்று இத்தனை வருஷம் நினைத்தாளோ அதற்காகவே ஏங்கப் போகிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரிகிறது. கேப் காட்டில் கேட்காமல் விட்ட கேள்விக்கு நாவல் கடைசியில் வேறொரு வழியாகப் பதில் சொல்கிறது. தாமதமான பதில். ஆனால் அந்த இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் நாவலின் மையம் அப்பா-மகனிடமிருந்து மெல்ல நகர்ந்து அம்மாவிடம் போய்விடுகிறது. ஒருமுறை அப்படிப் படித்துப் பாருங்கள்.

*

இதுவரை பேசியதெல்லாம் காகிதம் சரியாக இருந்தவர்களின் பயணம். எல்லோருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. மேற்கு ஜெர்மனியில் 1982-இல் கொண்டுவந்த புகலிடச் சட்டம், தஞ்சம் கோரியவர்களை ஒதுக்கப்பட்ட மாவட்ட எல்லைக்குள்ளேயே இருக்கச் சொன்னது. அனுமதி வாங்காமல் எல்லை தாண்டினால் தண்டனை. 80களில் அங்கே போய் இறங்கிய ஈழத்தமிழர்கள் இந்தச் சட்டத்துக்குள்தான் வாழ்ந்தார்கள். பக்கத்து மாவட்டத்தில் இருக்கிற அண்ணனைப் பார்த்துவிட்டு வருவதற்கும் காகிதம் வேண்டும். இந்தக் கட்டுப்பாடு பெருமளவு தளர்ந்தது 2015-இல்தான்.

அப்படிப்பட்ட குடும்பத்துக்கு முதல் சிற்றுலா எப்போது வாய்த்திருக்கும்? வழக்கு முடிந்து, வதிவிட அனுமதி கையில் வந்த பிறகு. பல பேருக்கு அதற்குள் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். காரணம் இல்லாமல் ஒரு ஏரிக்கரைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்த அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்திருக்கும்? புலம்பெயர் இலக்கியத்தில் போர் இருக்கிறது, கடல் கடந்த வழி இருக்கிறது, முகாம் இருக்கிறது, சமையலறைகளில் பாத்திரம் கழுவிய இரவுகள் இருக்கின்றன. அவை எழுதப்பட வேண்டியவை, நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. நான் தேடுவது அந்த ஞாயிற்றுக்கிழமையை. அது அற்பமான விஷயம் என்று எழுத்தாளர்கள் நினைத்திருக்கலாம். சும்மா இருக்கும் உரிமை கிடைக்கிற நாள் அற்பமானதா என்ன? வாழ்க்கை முழுக்க அனுமதி கேட்டே நகர்ந்த ஒருவர், அனுமதி கேட்காமல் புல் மீது காலை நீட்டுகிறார். அதில் ஒரு நாவலுக்கான விஷயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் பல பேர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பீர்கள், கொஞ்சப் பேர் எழுதவும் செய்வீர்கள். இது வெளிநாடு போனவர்களுக்கு மட்டும் உரிய விஷயமும் இல்லை. ஒடிசாவிலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வந்த குடும்பம் முதன்முதலாக ஒரு ஞாயிறு உதகைக்கு பஸ் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் தாவரவியல் பூங்காவில் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்வார்கள். சாயங்காலம் மலை இறங்கும்போது அவர்கள் குழந்தை எந்த ஊரை வீடு என்று சொல்லும்? பனியன் கம்பெனி லைன் வீட்டையா? அந்தக் கட்டுரையை அவர்களில் ஒருவர் எழுதினால் தமிழில் படிக்க நான் காத்திருக்கிறேன்.

எழுதுகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு யோசனைதான். கணக்குகளை எடுத்துவிடாதீர்கள். பார்க்கிங் கட்டணம், டப்பாவில் இருந்த சாதம், 8.40 மணி எல்லாம் இருக்கட்டும். அருவிக்கு இரண்டு வரி போதும். காரில் உட்கார்ந்திருந்தவரிடம் என்ன பார்த்தாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிறகு கடைசிப் போட்டோ எடுத்த இடத்தில் கட்டுரையை முடித்துவிடாமல், அங்கிருந்து தொடங்கி, இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் யார் என்ன பேசினார்கள், கதவைத் திறந்ததும் வீடு என்ன வாசனை அடித்தது, முதல் விளக்கை யார் போட்டார்கள் என்பதுவரை எழுதுங்கள்.